விசை போகும் வழி

ஓடாமல் நிற்கும் காரில்கூட முன்பக்கச் சஸ்பென்ஷனுக்கு ஓய்வு கிடையாது. தரை சக்கரத்தை மேலே தள்ளுகிறது, காரின் எடை கீழே அழுத்துகிறது, நடுவில் ஸ்பிரிங் இரண்டையும் தாங்குகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்சக்கரம் ஒன்றின் மேல் 240 கிலோ எடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மின் நீளம் 30 செ.மீ.; ஸ்பிரிங் அந்த ஆர்மின் உள்முனையிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. நெம்புகோல் விதிப்படி ஸ்பிரிங் தாங்க வேண்டியது 240 கிலோ அல்ல, 360 கிலோ. கூடுதலாக வந்த 120 கிலோவை ஈடுகட்ட, ஆர்மின் உள்முனை சேசிஸை அதே அளவுக்குக் கீழ்நோக்கி அழுத்துகிறது. ஆக, ஸ்பிரிங்கின் தலை பொருந்தியிருக்கும் டவர் மேலே போகப் பார்க்கிறது. அதற்குச் சற்றுக் கீழே ஆர்மைப் பிடித்திருக்கும் பிராக்கெட் கீழே போகப் பார்க்கிறது. ஷெட்டில் பூட்டிவைத்த வண்டியிலும் இரவு பகலாக இது நடந்துகொண்டிருக்கிறது.

இந்த இரண்டு இடங்களையும் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பவை சில போல்ட்டுகளும் கொஞ்சம் தகடும்தான். ஐம்பது, அறுபது வயதான காரில் அந்தத் தகடு என்ன ஆகிறது, ஏன் கிழிகிறது, கிழிந்தால் எப்படிச் சரிசெய்வது என்பதே இந்த அத்தியாயம். அதற்கு மெட்ராஸிலேயே தயாரான ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

பிரிட்டனில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்த கார் இது. இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜொவான்னி மிக்கெலொட்டி வடிவமைத்தது. 1961இல் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இதை இங்கே தயாரிக்கத் தொடங்கியது. தொழிற்சாலை வண்டலூரில். இன்ஜின் 948 சிசி. இந்தியக் குடும்பங்களுக்கு இரண்டு கதவு போதவில்லை. 1968இல் வந்த மார்க் த்ரீ நான்கு கதவுகளோடு வந்தது. அந்த உருவம் பிரிட்டனில் கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதன் வாரிசாக கெஸல் வந்தது.

ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. அக்காலத்தில் மற்ற கம்பெனிகள் பாடியையே எலும்புக்கூடாக்கும் மோனோகாக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஆனால் பிரிட்டனில் இந்தக் காரைச் செய்த ஸ்டாண்டர்டு-டிரையம்ஃபுக்குப் பாடித் தகடுகள் அழுத்திக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி 1953இல் வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாக அழுத்தித் தர ஆள் இல்லாத நிலையில், பல துண்டுகளாகச் செய்து சேசிஸின் மேல் போல்ட் போட்டு இணைக்கும் பழைய வழிக்கே அவர்கள் திரும்பினார்கள். அன்றைய அந்த நெருக்கடி இன்று பழுது பார்ப்பவருக்குப் பெரிய உதவி. ஹெரால்டின் முன்முகம் முழுவதும், மட்கார்டுகள் உட்பட, முன்பக்கமாகச் சாய்ந்து திறந்துகொள்ளும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே டவர், மேல் ஆர்ம், ஸ்பிரிங், ஸ்டியரிங் ராக் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். சக்கரத்திலிருந்து விசை எந்த வழியாகச் சேசிஸுக்குள் நுழைகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் கார்கள் குறைவு. சஸ்பென்ஷன் பாடத்துக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது.

வண்டலூர், சென்னை நகரத்தின் தெற்கில் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட வேலைக்கு வேண்டிய கைகள் மேற்கில் அதிகம். அங்கே பாடி என்ற ஊர்ப்பகுதியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா மூன்றும் அறுபதுகளின் தொடக்கத்தில் வந்தன. சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1966இல் போல்ட், நட்டு செய்யத் தொடங்கியது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் உருவானது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதன் சக்கரங்களைத் தாங்கியவை முறுக்குக் கம்பிகள். பின்னால் அதே ஆவடியில் இருக்கும் போர் வாகன ஆய்வு நிறுவனம் வடிவமைத்த அர்ஜுன் டாங்கிக்கு எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்கும் சஸ்பென்ஷன். இவற்றைச் சுற்றி வளர்ந்த சின்ன லேத் பட்டறைகள், வெல்டிங் கடைகள், ரப்பர் அச்சுக்காரர்கள், முலாம் பூசுபவர்கள் எல்லாரும் ஒரு சைக்கிள் தூரத்துக்குள் இருக்கிறார்கள். ஹெரால்டுக்கு ஒரு புஷ் வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் தேடலாம். அங்கே கிடைக்காவிட்டால் அம்பத்தூரில் கடைந்தே வாங்கலாம்.

தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு பட்டறையில் ஹெரால்டு ஒன்றில் பார்த்த வேலையிலிருந்து சொல்கிறேன். வலப்பக்கக் கீழ் ஆர்மைக் கழற்றி வைத்திருந்தார்கள். பிராக்கெட் உட்காரும் இடத்தில் கறுப்பு அண்டர்கோட்டிங், அதன் கீழே பட்டி, அதற்கும் கீழே பழைய வெல்டிங் கட்டிகள். மெக்கானிக் எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளித் தகடு தெரியும்வரை கொண்டுவந்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. துணியில் மண்ணெண்ணெய் தொட்டு அந்த இடத்தை நன்றாக நனைத்தார். சிறிது நேரம் விட்டு, காய்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்தார். பிறகு சாக்பீஸைப் பொடித்து அதன் மேல் பூசினார். தகடு முழுக்க வெள்ளை. கொஞ்ச நேரத்தில், முன் போல்ட்டு ஓட்டையின் விளிம்பிலிருந்து முடி அகலத்தில் ஒரு ஈரக்கோடு கிளம்பி, பழைய வெல்டின் ஓரத்தைத் தொட்டு, அந்த ஓரத்தோடேயே வளைந்து போனது. விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெய் சாக்பீஸ் தூளில் ஊறி வெளியே வந்திருக்கிறது. பெரிய தொழிற்சாலைகளில் சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் அடித்துச் செய்யும் பரிசோதனைக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே: மெல்லிய பிளவுக்குள் திரவம் தானாகவே ஏறும் நுண்புழை விசை.

“மேலேயே ஒரு கோட்டிங் வெல்டு வெச்சு மூடிட்டா போதாதா?” என்று வண்டிக்காரர் கேட்டார்.

“போன தடவை அப்படித்தான் சார் மூடியிருக்காங்க. அது பக்கத்துலயே திரும்பிப் போயிருக்கு பாருங்க. இது எங்கிருந்து ஆரம்பிச்சுதுன்னு பார்க்காம கை வெக்கக் கூடாது” என்றார் மெக்கானிக்.

அவர் சொன்னதில் உலோக அறிவியலின் நூற்றைம்பது ஆண்டுப் பாடம் அடங்கியிருக்கிறது.

முதலில், ஏன் முன் போல்ட்டு? பின் போல்ட்டில் ஏன் இல்லை? பிரேக் போடும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். அவசர பிரேக்கில் ஒரு முன்டயரைத் தரை 250 கிலோ விசையோடு பின்னுக்குத் தள்ளுகிறது என்று கொள்வோம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் மூட்டு தரையிலிருந்து 40 செ.மீ., கீழ் மூட்டு 20 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பிரேக் பூட்டியிருப்பது சக்கரத்தோடு சேர்ந்த பாகத்தில். எனவே தரையின் தள்ளலுக்கு இந்த இரண்டு மூட்டுகளும்தான் ஈடுகொடுக்க வேண்டும். மேல் மூட்டை மையமாக வைத்துத் திருப்புவிசையைக் கணக்கிட்டால் கீழ் மூட்டில் 500 கிலோ வருகிறது. மேல் மூட்டில் எதிர்த்திசையில் 250. அதாவது தரை தந்த விசையைப் போல இரண்டு மடங்கைக் கீழ் ஆர்ம் வாங்குகிறது.

கணக்கு அதோடு முடியவில்லை. கீழ் ஆர்ம் இரண்டு கால் விரித்த வடிவம். ஒவ்வொரு காலும் ஒரு பிராக்கெட்டில் போய் முடிகிறது. வெளிமுனையை 500 கிலோ பின்னுக்கு இழுக்கும்போது முன்கால் நீளப் பார்க்கிறது, பின்கால் குறுகப் பார்க்கிறது. கால்களின் இடைவெளியும் ஆர்மின் நீளமும் சமமாக இருந்தால், முன் பிராக்கெட்டைச் சேசிஸிலிருந்து வெளியே பிடுங்க 500 கிலோ. பின் பிராக்கெட்டைச் சேசிஸுக்குள் அழுத்த இன்னொரு 500 கிலோ. அழுத்தம் உலோகத்தை அவ்வளவாகக் கிழிக்காது. இழுவைதான் கிழிக்கும். ஒவ்வொரு பிரேக்கிலும் இழுபடுவது முன் பிராக்கெட். சாக்பீஸில் தெரிந்த கோடு இந்தக் கணக்கைத்தான் வரைந்து காட்டியிருக்கிறது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ ஆவடி வழியாகத் திருவள்ளூர் போகும் சாலையிலோ ஓட்டுபவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சாலை வேலைத் தடுப்பு முடிகிற இடத்தில் பள்ளம் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். பிரேக்கை அழுத்திக்கொண்டே அதில் இறங்குவோம். பிரேக் போட்டதால் வண்டியின் மூக்கு ஏற்கெனவே தாழ்ந்து, ஸ்பிரிங் பாதி சுருங்கிவிட்டிருக்கும். பள்ளத்தின் மறுகரையில் சக்கரம் மோதும்போது சுருங்க மிச்சமிருக்கும் இடம் போதாது. ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலை நேராகத் தகட்டின் மேல் விழுகிறது. பள்ளத்துக்கு முன்பே பிரேக்கைப் பிடித்து, சக்கரம் இறங்கும் கணத்தில் காலை எடுத்துவிட வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

ஆனாலும் 500 கிலோ இழுவை நல்ல ஸ்டீல் தகட்டை ஒரே தடவையில் கிழிக்காது. கிழிக்க வைப்பது எண்ணிக்கை. ஹெரால்டின் 13 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 550 முறை சுற்றும். 1 லட்சம் கி.மீ. ஓடிய வண்டியில் அது 5.5 கோடி சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம், நடுநடுவே பெரிய அடி. ஒருமுறை தாங்கும் சுமையைக் கோடி முறை தாங்க முடியாது என்பதை மனிதர்கள் ரயிலிலிருந்து கற்றார்கள். 1842 மே 8இல் பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் இன்ஜின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் தீயில் மாண்டார்கள். பின்னர் ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகுஸ்ட் வோலர் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பல ஆண்டுகள் சோதித்தார். சுமை குறையக் குறைய உலோகம் தாங்கும் சுற்றுகளின் எண்ணிக்கை கூடுகிறது. ஸ்டீலில் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், எத்தனை சுற்று சுற்றினாலும் முறிவதில்லை என்று கண்டார். அந்த எல்லைக்குள் தகட்டை வைத்திருப்பதுதான் சேசிஸ் வடிவமைப்பாளரின் வேலை.

அந்த எல்லையைத் தாண்டவைக்கும் இடங்கள் துளையும் மூலையும் வெல்டின் ஓரமும். அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை போட்டு இழுத்தால், துளையின் விளிம்பில் தகைவு (குறிப்பிட்ட பரப்பில் விழும் இழுவை) மூன்று மடங்காகிறது. இதை ஜெர்மானியரான கிர்ஷ் 1898இல் கணக்கிட்டார். 1913இல் ஆங்கிலேயரான இங்லிஸ், வட்டத்துக்குப் பதில் நீள்வட்டத்தை எடுத்துக்கொண்டு, துளை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு அதிகமாகத் தகைவு குவியும் என்று காட்டினார். மெல்லிய விரிசல் என்பது கூர்மையின் எல்லை. ஜவுளிக்கடையில் துணியின் ஓரத்தில் கத்தரியால் சிறு வெட்டு வைத்துவிட்டு இரண்டு பக்கமும் இழுப்பார்களே, முழுத் துணியும் நேர்கோட்டில் கிழிந்து வருமே, தகட்டிலும் அதேதான். வெட்டு வைக்காத துணி இழுத்தால் எளிதில் கிழியாது.

விரிசல் ஒரே வேகத்தில் வளர்வதும் இல்லை. நீளம் கூடக் கூட அதன் நுனியில் தகைவு கூடுகிறது, வேகமும் கூடுகிறது. சாதாரண ஸ்டீலில் இழுவை இரட்டித்தால் விரிசலின் வேகம் ஏறத்தாழ எட்டு மடங்காகும். அதனால்தான் பத்து வருடம் தெரியாமல் கிடந்த கோடு, தெரிந்த பிறகு சில மாதங்களிலேயே பிராக்கெட்டைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறது.

இதில் துருவும் சேர்ந்துகொள்கிறது. வோலர் கண்ட அந்தப் பாதுகாப்பான எல்லை, காற்றும் ஈரமும் தாக்காத ஸ்டீலுக்குத்தான் பொருந்தும். துருப்பிடிக்கும் ஸ்டீலுக்கு அப்படியொரு எல்லையே கிடையாது. எவ்வளவு சின்னச் சுமையானாலும் கடைசியில் முறியும். ஹெரால்டின் சேசிஸ் உள்ளே வெற்றிடமான பெட்டி வடிவம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் கொரட்டூர், அம்பத்தூர்ப் பக்கம் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். அப்படி மூழ்கிய வண்டிகளின் சேசிஸுக்குள் சேறு புகுந்து தங்கிவிடும். வெளியே வெயில் கொளுத்தும்போதும் அந்தச் சேறு உள்ளே ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். தகடு உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளிப்பக்கப் பெயின்ட் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட முடியாது; சின்ன சுத்தியலால் தட்டிப் பார்த்தால் கணீரென்று ஒலிக்கிறதா, மொத்தென்று அடங்குகிறதா என்பதில் தெரிந்துவிடும்.

இன்னொரு காரணம் நட்டு. இறுக்கமாக முடுக்கிய போல்ட் உண்மையில் பெரிய மாறுசுமையைச் சந்திப்பதே இல்லை. முடுக்கும்போது போல்ட் கொஞ்சம் நீண்டு, பிராக்கெட்டையும் சேசிஸையும் அழுத்திப் பிடிக்கிறது. வெளியே இருந்து வரும் இழுவை முதலில் அந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான் செலவாகிறது. போல்ட்டுக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. நட்டு தளர்ந்துவிட்டால் முழுச் சுமையும், ஒவ்வொரு தடவையும், அதிர்ச்சியோடு போல்ட்டின் மேலும் துளையின் விளிம்பிலும் விழுகிறது. பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே சக்கரத்தின் சாய்வை, அதாவது கேம்பரை, சரிசெய்ய வைக்கும் ஷிம் தகடுகள் துருப்பிடித்து உதிர்வதும், தடிப்பாக அடித்த பெயின்ட் நாளாவட்டத்தில் நசுங்குவதும் நட்டைத் தளர்த்தப் போதும். மரை மாறிப்போவதும் உண்டு. ஹெரால்டுக்கு அங்குல அளவிலான யுஎன்எஃப் மரை. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; கடையில் எளிதாகக் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கட்டாயப்படுத்தி முடுக்கினால் இறங்கும். ஆனால் மரை அறுந்து, பிடிப்பு இல்லாத ஒரு போல்ட்தான் அங்கே இருக்கும். பாடிப் பகுதியில் உலகத்துக்கே போல்ட் செய்கிற ஊரில் இந்த ஒரு தவறுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

இனி வேலைக்கு வருவோம். விரிசலைத் தேடும் முன்பே செய்ய வேண்டியது அளவெடுப்பது. பிராக்கெட் உட்காரும் இடம், அதாவது மௌன்ட், கிழிந்த வண்டியில் சேசிஸும் கோணியிருக்கலாம். கோணலை அப்படியே வைத்து வெல்டு செய்தால் கோணல் நிரந்தரமாகிவிடும். சேசிஸை நான்கு ஸ்டாண்டில் ரசமட்டம் பார்த்து ஏற்றி, குறிப்பிட்ட போல்ட்டுத் துளைகளிலிருந்து தூக்குக்குண்டை இறக்கித் தரையில் சாக்பீஸால் புள்ளி வைக்கிறார்கள். முன் இடப் புள்ளியிலிருந்து பின் வலப் புள்ளிக்கு ஒரு நூல், எதிர்ப்பக்கம் இன்னொரு நூல். இரண்டு மூலைவிட்டமும் சமமாக வர வேண்டும். லேசர் கருவி வைத்திருக்கும் பெரிய பட்டறைகளும் அளப்பது இதையேதான்.

ஸ்பிரிங்கைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. சக்கரம் தொங்கும்போதும் அதற்குள் பெரிய விசை அடைபட்டிருக்கிறது. சரியான ஸ்பிரிங் கம்ப்ரஸர் போடாமல் நட்டைத் திறந்தால் அது வெடித்துக் கிளம்பும். கை போயிருக்கிறது, தாடை உடைந்திருக்கிறது. கயிறு கட்டிச் சமாளிக்கும் வேலை இது இல்லை.

விரிசலின் நுனியைக் கண்டுபிடித்து, கண்ணுக்குத் தெரியும் நுனிக்குச் சற்று அப்பால் ஐந்தாறு மில்லிமீட்டரில் ஒரு துளை போடுகிறார்கள். ஓட்டை விழுந்த தகட்டில் இன்னொரு ஓட்டையா என்று தோன்றும். விரிசலின் கூர்மையான நுனியை வட்டமாக்கிவிட்டால் அங்கே குவியும் தகைவு வெகுவாகக் குறைகிறது. விரிசல் மேலும் ஓடுவது தடைபடும். பிறகு பழைய வெல்டிங் கட்டிகளை முழுக்கக் கிரைண்டரால் எடுத்து, கோடு நெடுக ஆழமான சால் வெட்டி, அடிவரை உருகிச் சேரும்படி வெல்டு வைக்கிறார்கள். இன்று இதற்குச் சிஓடூ வெல்டிங்தான். அதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றியிருக்க வேண்டும். பெட்ரோல் லைனும் பிரேக் ஹோஸும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

வெல்டு என்பது வலிமையைச் சேர்ப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். ஒரே தடவை இழுத்துப் பார்க்கும் சோதனையில் அது உண்மை. கோடி முறை இழுக்கும் சோதனையில் வெல்டின் ஓரமே தகட்டின் மிகப் பலவீனமான இடம். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கி, பக்கத்துத் தகட்டை நிரந்தரமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத வெட்டுகள் இருக்கின்றன. வெல்டின் ஓரம் எத்தனை சுற்று தாங்கும் என்பது, அடியில் இருக்கும் ஸ்டீல் எவ்வளவு உயர்தரம் என்பதைப் பெரிதாகப் பொறுத்ததே இல்லை. விலை கூடிய ஸ்டீல் பிளேட் வாங்கி வைத்து வெல்டு செய்வதால் ஆயுள் கூடிவிடாது. வெல்டின் ஓரத்தைக் கிரைண்டரால் வழவழப்பாகச் சாய்த்துவிடுவதில் கூடும். ஐந்து நிமிட வேலை. பெரும்பாலான பட்டறைகளில் இதை அழகுக்காகச் செய்வதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

விரிசலின் மேல் வைக்கும் பிளேட்டிலும் இதே பிரச்சினை. 2 மி.மீ. தகட்டைவிட 6 மி.மீ. பிளேட்டுக்கு வளைவை எதிர்க்கும் விறைப்பு 27 மடங்கு. வளையாத பிளேட்டும் வளையும் தகடும் சந்திக்கும் விளிம்பில் எல்லா வளைவும் குவியும். அடுத்த விரிசல் அந்த விளிம்பில் ஆரம்பிக்கும். அந்த ஹெரால்டில் முன்பு போட்ட பழைய வெல்டின் ஓரத்தோடு கோடு வளைந்து போனதற்கு இதுவே காரணம். எனவே பிளேட் தேவைப்பட்டால் அடித் தகட்டின் தடிமனுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். அதன் முனைகள் இழுவைக்குக் குறுக்கே சதுரமாக முடியக் கூடாது. கூம்பி, இழுவையின் திசையிலேயே மெல்ல முடிய வேண்டும். மூலைகள் வட்டமாக இருக்க வேண்டும். சரியான பேட்ச் என்பது விசையைத் தடுக்காமல், ஆலையில் முதலில் வகுத்த வழியிலேயே அதைப் போகவிடுவது.

போல்ட்டுத் துளைக்குள் ஒரு குழாய் வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேசிஸ் உள்ளே வெற்றிடம் என்பதால், போல்ட்டை நன்றாக முடுக்கினால் பெட்டி நசுங்கும். நசுங்கினால் இறுக்கம் போகும். லேத்தில் தடித்த சுவருள்ள குழாய் ஒன்றைக் கடைந்து, பெட்டியின் உள் அகலத்துக்குச் சரியாக வெட்டி, இரண்டு தகட்டுக்கும் நடுவே நிறுத்தி வெல்டு செய்துவிட்டால் போல்ட் எவ்வளவு முடுக்கினாலும் அழுத்தம் குழாயின் மேல் போகும். இந்தச் சின்னக் குழாய்தான் அந்த மௌன்ட்டை முன்பிருந்ததைவிட நல்லதாக்குகிறது.

வெல்டின் சூடு தகட்டை இழுத்துக் கோணலாக்கும் என்பதால் பிராக்கெட் இரண்டையும் அதனதன் இடத்தில் முடுக்கி, இரண்டின் புஷ் துளைகளுக்குள்ளும் ஒரே நேரான கம்பியைச் செருகி வைத்துக்கொண்டுதான் வெல்டு தொடங்க வேண்டும். அந்தக் கம்பியையும் அம்பத்தூரில் ஒரு லேத்தில் கடைந்து வாங்கியிருந்தார்கள். இங்கே ஒரு அங்குலம், எதிரே ஒரு அங்குலம் என்று மாறி மாறி வைத்து, நடுவில் ஆறவிட்டு, ஒவ்வொரு தடவையும் கம்பி கையால் சுற்ற வருகிறதா என்று மெக்கானிக் பார்த்துக்கொண்டார். சுற்ற மறுத்தால் தகடு இழுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பொருத்தும்போது ரப்பர் புஷ்ஷில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடும் வெளியே இருக்கும் ஆர்மோடும் ரப்பர் பிடித்துக்கொண்டிருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் வழுக்குவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. வண்டி ஜாக்கியில் நிற்கும்போது, சக்கரம் தொங்கிய நிலையில், அந்தப் போல்ட்டை முடுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கிய நொடியிலிருந்து ரப்பர் முழு முறுக்கில் நிற்கும். சீக்கிரம் கிழியும், வண்டியும் ஒரு பக்கம் உயரமாக நிற்கும். சக்கரத்தைத் தரையில் வைத்து, ஆள் எடையையும் ஏற்றி, வண்டியை இரண்டு தடவை அழுத்திவிட்ட பிறகே கடைசி முடுக்கு.

கீழ் மூட்டில் இருக்கும் டிரன்னியன் தனிக் கவனம் வேண்டிய பாகம். வெண்கல உலோகக்கலவையில் வெட்டிய மரைக்குள் ஸ்டீல் மரை இறங்கி, ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அதற்குள் திரும்பும். அதற்குக் கம்பெனி சொன்னது கிரீஸ் அல்ல, இபி 90 கியர் ஆயில். கிரீஸ் மரையின் ஆழத்துக்கு இறங்காது, தண்ணீர் இறங்கிவிடும். ஸ்டீல் துருப்பிடித்து, மரை இறுகி, ஒரு நாள் கழுத்தோடு முறிந்து சக்கரம் மடங்கிப்போகும். இறுகத் தொடங்கிய டிரன்னியன் ஆர்மை முறுக்கி மௌன்ட்டையும் தேவையில்லாமல் இழுக்கும் என்பதால், மௌன்ட் கிழிந்த வண்டியில் இதைத் திறந்து பார்க்காமல் விடக் கூடாது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் வேறு காரின் முன்பகுதியையே அறுத்தெடுத்துப் பொருத்திவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2021இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி ஐம்பது ஆண்டைத் தாண்டிய வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிந்து ‘விஏ’ வரிசை எண் பெறலாம். சேசிஸிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடைசியாக வந்த ஹெரால்டுகளும் இன்று அந்த வயதைத் தாண்டிவிட்டன. சட்டத்தை விடுங்கள், வேறு வண்டியின் ஆர்ம் வேறு இடத்தில், வேறு கோணத்தில் இழுக்கும். அந்த இழுவையைத் தாங்கும்படி ஹெரால்டின் சேசிஸை யாரும் வடிவமைக்கவில்லை.

வலப்பக்க வேலை முடிந்ததும் இடப்பக்கத்தையும் கழற்றித்தான் ஆக வேண்டும். இரண்டு பக்கமும் அதே சாலையில் அதே கோடிச் சுற்றுகளைச் சந்தித்தவை. சேசிஸின் உள்பக்கத்துக்கு மெழுகு கலந்த துருத்தடுப்பை நீண்ட குழாய் வழியாகப் பீய்ச்சி, அடியில் இருக்கும் வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்; புதிய தகடும் ஷிம்மும் உட்கார்ந்து இறுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கும். மௌன்ட்டைச் சுற்றிக் கறுப்பு அண்டர்கோட்டிங்கைத் தடிப்பாக அடிக்காமல், வெளிர் நிறத்தில் மெல்லிய பெயின்ட் அடித்துவைப்பது நல்லது. வெளிர் பெயின்டில் புதிய விரிசல் பழுப்புக் கோடாகச் சீக்கிரமே தெரிந்துவிடும். கறுப்புக் கோட்டிங்குக்கு அடியில் அது தெரியும்போது பிராக்கெட் ஆடத் தொடங்கியிருக்கும்.